ஆய்வு நடந்தது சரி, குறை தீர்ந்ததா? டெல்டா ஊர்களில் சுகாதார ஆய்வுப் பணியை மதிப்பிடும் முறை

மாதக் கூட்டத்தில் வாசிக்கப்படும் சுகாதார அறிக்கையைக் கவனித்திருப்பீர்கள். இத்தனை வீடு பார்த்தோம், இத்தனை டீக்கடை பார்த்தோம், இத்தனை தொட்டியில் குளோரின் போட்டோம், இத்தனை பேருக்கு நோட்டீஸ் கொடுத்தோம் என்று வரிசையாக எண்கள் வரும். எண்கள் பெரிதாக இருந்தால் வேலை நன்றாக நடந்ததாக எல்லோரும் எடுத்துக்கொண்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். அந்த எண்கள் பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஆய்வுக்குப் போகும்முன் அந்தத் தெருவில் இருந்த ஆபத்து, ஆய்வு முடிந்த பிறகு குறைந்ததா என்ற கேள்விக்கு அவற்றில் ஒன்றுகூடப் பதில் சொல்வதில்லை.

இந்தக் குறிப்பு ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள், கிராம சுகாதாரக் குழுவில் இருப்பவர்கள், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் சுகாதார ஆய்வாளர்கள், அப்புறம் ஊர் மேல் அக்கறை உள்ள யாருக்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து நிலவரத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். பெரிய கணிப்பொறி வேலை எதுவும் வேண்டாம், ஒரு நீளக் கோடு போட்ட நோட்டும் கொஞ்சம் பிடிவாதமும் போதும்.

எதற்காக மதிப்பிட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு 2022 ஜூலையை நினைவூட்டுகிறேன். காரைக்காலில் வயிற்றுப்போக்கும் காலராவும் பரவி, புதுச்சேரி அரசு அங்கே பொது சுகாதார அவசரநிலை அறிவித்து, பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட வேண்டிவந்தது. நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவில் இருக்கிற ஊர் அது, நம் ஆட்கள் தினமும் வேலைக்கும் கடைக்கும் போய்வருகிற ஊர். குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலப்பது போன்ற ஆபத்து ஒரே நாளில் முளைப்பதில்லை. வாய்க்காலை ஒட்டிப் போகும் பழைய குழாய், அடிக்கடி கசியும் இணைப்பு, தெருக்குழாயில் வரும் நாற்றம் என்று முன்கூட்டியே தடயம் இருக்கும். அந்தத் தடயத்தைக் கண்டுபிடித்து, சரிசெய்யவைத்து, மறுபடி போய்ப் பார்ப்பதற்குத்தான் ஆய்வு. அது நடக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் மதிப்பீடு.

முதலில் எதை மதிப்பிடப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கையில் எடுத்தால் எதுவும் முடியாது. டெல்டாவில் மூன்று விஷயத்தோடு ஆரம்பிக்கலாம்: குடிநீரில் குளோரின், வீடுகளில் கொசுப்புழு, சாப்பாட்டுக் கடைகள். ஒவ்வொன்றுக்கும் என்ன நடந்தால் வேலை வெற்றி என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். "குடிநீர் பாதுகாப்பாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் அதை வைத்து எதையும் அளக்க முடியாது. "மேல்நிலைத் தொட்டியிலிருந்து மிகத் தூரத்தில் உள்ள தெருக்குழாயில், தண்ணீர் விடும் நாள் எல்லாவற்றிலும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது" என்று எழுதினால் யார் வேண்டுமானாலும் போய்ச் சரிபார்க்கலாம்.

கடைகளைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல் வந்து 2011-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. கடைக்கான பதிவு, உரிமம், மாதிரி எடுப்பது எல்லாம் உணவு பாதுகாப்பு அலுவலர் வேலை. அதே கடையின் பின்பக்கச் சாக்கடையும் தண்ணீர்த் தொட்டியும் உள்ளாட்சி, சுகாதாரத் துறை பக்கம் வரும். இரண்டு பேரும் மற்றவர் பார்ப்பார் என்று விட்டுவிடும் இடம் இங்கேதான் இருக்கிறது. அதனால் மதிப்பீட்டுக்கு உட்காரும்போது இரண்டு பேரின் பதிவேட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பாருங்கள். எந்தக் கடை இரண்டிலும் இல்லை என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

மொத்தம் எத்தனை என்று தெரியாமல் எதையும் கணக்குப் போடாதீர்கள்

"40 கடை ஆய்வு செய்யப்பட்டது" என்றால், மொத்தம் எத்தனை கடையில் 40? அலுவலகப் பட்டியலில் 45 இருக்கும். பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒருமுறை சாயங்காலம் நடந்து பாருங்கள். தள்ளுவண்டி, பானிபூரி, இரவு மட்டும் திறக்கும் பரோட்டாக் கடை, வீட்டுத் திண்ணையில் இட்லி விற்கும் அம்மா, கோவில் திருவிழாவுக்கு மட்டும் வரும் கடை எல்லாம் சேர்த்தால் எண்ணிக்கை வேறு மாதிரி இருக்கும். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவோ, ஜனவரியில் திருவையாறு ஆராதனையோ வரும்போது கடை, தண்ணீர், கழிப்பறை மூன்றும் சில நாளுக்குப் பல மடங்கு ஆகிவிடும். வருடம் முழுக்கச் சரியாக இருந்து அந்த நாட்களில் மட்டும் கோட்டைவிட்டால் வருடக் கணக்கின் சராசரி அதை மறைத்துவிடும். திருவிழா நாட்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

பட்டியலில் இல்லாத இடங்களைச் சேர்க்கும்போது அந்தக் கடைக்காரர்களைப் பயமுறுத்த வேண்டாம். திண்ணை இட்லிக்கடை அம்மாவிடம் நோட்டீசோடு போனால் அடுத்த வாரம் அவர் வேறு தெருவுக்குப் போவார், பட்டியலிலிருந்தும் போய்விடுவார்.

நோட்டில் சேர்க்க வேண்டிய பத்திகள்

இதுதான் முக்கியமான வேலை, இதைச் செய்துவிட்டால் மற்றது பாதி முடிந்த மாதிரி. இப்போதுள்ள ஆய்வுப் பதிவேட்டில் பெரும்பாலும் தேதி, இடம், கண்ட குறை, எடுத்த நடவடிக்கை என்று இருக்கும். நடவடிக்கை என்ற இடத்தில் "அறிவுறுத்தப்பட்டது" என்று எழுதியிருக்கும். அந்த ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடுகிறது. அதற்குப் பக்கத்தில் நான்கு பத்தி போடுங்கள்: யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும், உண்மையில் சரியான தேதி, அதை நேரில் போய்ப் பார்த்தவர் யார், மூன்று மாதத்துக்குள் அதே குறை திரும்ப வந்ததா.

இந்த நான்கு பத்தியிலிருந்து எடுக்கக்கூடிய கணக்கு நிறைய. உதாரணத்துக்கு, ஒரு மாதத்தில் 9 குறை கண்டீர்கள், அவை தீர 2, 3, 3, 4, 6, 7, 9, 30, 75 நாள் ஆனது என்று வையுங்கள். சராசரி போட்டால் 15 நாளுக்கு மேல் வரும், எல்லாமே தாமதம் போலத் தெரியும். வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 6 நாள். அதாவது பெரும்பாலான குறை ஒரு வாரத்தில் தீர்கிறது, இரண்டு மட்டும் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டும் எங்கே மாட்டியது என்று தேடினால் அநேகமாக ஆய்வாளர் கையில் இல்லாத விஷயமாக இருக்கும். குழாய் மாற்றப் பணம் இல்லை, ஒன்றிய அலுவலகத்தில் கோப்பு நிற்கிறது, வடிகால் வேறு துறைக்குச் சொந்தம் என்று ஏதாவது ஒன்று. இதைக் கண்டுபிடித்து மேலே சொல்வதும் மதிப்பீட்டின் வேலைதான். ஆய்வாளரைத் திட்டி இது தீராது.

தீராமல் கிடக்கும் குறைகளைக் கணக்கிலிருந்து விட்டுவிடக் கூடாது. தீர்ந்தவற்றுக்கு மட்டும் நாள் எண்ணினால், சுலபமான ஒன்றிரண்டை மட்டும் தீர்த்த ஊர் பட்டியலில் மேலே வந்து நிற்கும். மாதக் கடைசியில் திறந்தபடி இருக்கும் குறை எத்தனை, அதில் மிகப் பழையது எந்தத் தேதியுடையது என்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள்.

ஆய்வுப் படிவத்தின் கேள்விகளையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். "சமையலறை சுத்தமாக உள்ளதா" என்று கேட்டால் ஒருவர் ஆம் என்பார், இன்னொருவர் இல்லை என்பார், இரண்டு பேரும் நேர்மையானவர்களாகவே இருப்பார்கள். "கை கழுவும் இடத்தில் தண்ணீரும் சோப்பும் இருந்ததா", "குடிதண்ணீர்ப் பாத்திரம் மூடியிருந்ததா", "நேற்றைய குழம்பு எங்கே வைக்கப்பட்டிருந்தது" என்று கேட்டால் பதில் ஆளுக்கு ஆள் மாறாது. இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. இரண்டு ஆய்வாளர்களை ஒரே நாளில், ஒருவர் போன பின் ஒருவராக, ஒரே 10 இடத்துக்கு அனுப்புங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. அப்புறம் இரண்டு படிவத்தையும் பக்கத்தில் வைத்து எந்தக் கேள்வியில் பதில் வேறுபடுகிறது என்று குறியுங்கள். வேறுபடும் கேள்வி மூன்றோ நான்கோதான் இருக்கும், அவற்றைத் திருத்தி எழுதுங்கள். இதைச் செய்யாமல் ஒரு வட்டாரத்தையும் இன்னொரு வட்டாரத்தையும் ஒப்பிடுவது நியாயமே இல்லை, அங்கே நீங்கள் ஒப்பிடுவது ஊர்களை விட ஆய்வாளர்களின் கண்டிப்பைத்தான்.

குளோரினைக் கடைசிக் குழாயில் பாருங்கள்

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்றுதான் திருத்துறைப்பூண்டியிலும் தலைஞாயிறிலும் கேட்பார்கள். குடிநீருக்கும் அதே கேள்விதான் பொருந்தும். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றியதற்குப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கும். அது கடைசித் தெருக்குழாய் வரை போய்ச் சேர்ந்ததா என்பது வேறு விஷயம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 குழாய் நீரில் மீதமிருக்கும் குளோரின் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது. 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. குளோரோஸ்கோப்பில் தண்ணீரைப் பிடித்து மருந்துத் துளி விட்டு மஞ்சள் நிறத்தை ஒப்பிடுவது எல்லா டேங்க் ஆப்பரேட்டருக்கும் தெரிந்த வேலை. நீங்கள் மாற்ற வேண்டியது இடத்தையும் நேரத்தையும் மட்டும். தொட்டிக்கு அடியில் உள்ள குழாய், ஊருக்கு நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என மூன்று இடத்தில், தண்ணீர் விட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள்.

தொட்டியடியில் நல்ல நிறம், கடைசியில் நிறமே இல்லை என்றால் நடுவில் எங்கேயோ குளோரின் செலவாகிறது. குழாய்க்குள் அழுக்கு சேர்ந்திருக்கலாம், சாக்கடை கசிந்து உள்ளே போயிருக்கலாம். மூன்று இடத்திலும் இல்லை என்றால் பவுடரைச் சந்தேகப்படுங்கள். புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குளோரின் இருக்கும், ஈரமான அறையில் வாய் திறந்த மூட்டையில் கிடந்தால் அது பறந்துபோய் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். நம் பக்கத்து மழைக்காலத்தில் இது சாதாரணமாக நடக்கும். "எத்தனை கிலோ போட்டோம்" என்ற கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

கொசுப்புழுக் கணக்கு

வீடு வீடாகப் போகும் பணியாளர்கள் கொண்டுவரும் எண்ணிலிருந்து மூன்று குறியீடு எடுப்பார்கள். 100 வீடு பார்த்ததில் 8 வீட்டில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 8. அந்த 100 வீட்டிலும் தண்ணீர் நின்ற 300 பாத்திரம், தொட்டி, டயர், கொட்டாங்கச்சியில் 12-ல் புழு இருந்தால் பாத்திரக் குறியீடு 4. நூறு வீட்டுக்கு 12 புழுப் பாத்திரம் என்பதால் பிரேட்டோ குறியீடு 12. மூன்றில் கடைசி எண்தான் எனக்கு அதிகம் உபயோகப்பட்டது, வீட்டையும் பாத்திரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. அதோடு எந்த வகைப் பாத்திரத்தில் அதிகம் என்றும் எழுதச் சொல்லுங்கள். கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லா, சிமெண்ட் தொட்டியா, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டா என்று தெரிந்தால்தான் அடுத்த வாரம் என்ன செய்வது என்று தெரியும்.

இந்த எண்ணை நம்பலாமா என்று பார்க்க, பணியாளர் போய் இரண்டு மூன்று நாளுக்குள் மறு ஆய்வு செய்ய வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும், அதனால் இரண்டு வாரம் கழித்துப் போய்ப் புழு இருக்கிறது என்று பணியாளரைக் குற்றம் சொல்வது தவறு. எல்லா வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. வீட்டு எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி 19 எடுங்கள். ஏன் 19 என்றால், தடுப்பூசிப் பணி போன்றவற்றைச் சரிபார்க்கச் சுகாதாரத் துறையில் நெடுநாளாகப் பயன்படும் ஒரு மாதிரிக் கணக்கு அது: 80 சதவீதம் இலக்கு என்றால் 19-ல் 13 அல்லது அதற்கு மேல் சரியாக இருக்க வேண்டும், 12-க்கு இறங்கினால் அந்தப் பகுதியில் வேலை இலக்கை எட்டவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி: "போன வாரம் யாராவது வந்து தொட்டி மூடியைத் திறந்து பார்த்தாங்களாம்மா?" தெருவில் முதல் 19 வீட்டை எடுத்தால் இந்தக் கணக்குச் செல்லாது, மெயின் ரோட்டு வீடுகளுக்கு எல்லோரும் போவார்கள். குலுக்கித்தான் எடுக்க வேண்டும், சந்துக்குள் இருக்கும் வீடும் வரவேண்டும்.

இங்கே இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். புழு அதிகம் காட்டும் பணியாளரைக் கூட்டத்தில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டால், அடுத்த மாதம் எல்லோர் நோட்டிலும் பூஜ்ஜியம் வரும். இந்த வேலையைச் செய்பவர்களில் பலர் தினக்கூலிக்கு வருகிற பெண்கள். பூட்டிய கேட், நாய், வீட்டுக்காரரின் ஏச்சு எல்லாவற்றையும் தாண்டித்தான் ஒரு தொட்டியைப் பார்க்கிறார்கள். உண்மையைச் சொன்னதற்குத் தண்டனை என்றால் யார் சொல்வார்கள்? அதிகம் கண்டுபிடித்தவரைப் பாராட்டுங்கள், கண்டுபிடித்த பின் எவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்பதை வைத்து மேற்பார்வையை மதிப்பிடுங்கள். நவம்பர் மழையில் ஒரு வார்டில் மூன்று வாரம் தொடர்ந்து பூஜ்ஜியம் வந்தால் அந்த வார்டுக்குத்தான் முதலில் மறு ஆய்வு. பூட்டியிருந்த வீடுகளைத் தனியாக எழுதச் சொல்லுங்கள், "புழு இல்லை" கணக்கில் அவை சேரக் கூடாது.

மழையையும் காலத்தையும் மறக்காதீர்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நவம்பரில் காய்ச்சல் ஏறும், பிப்ரவரி மார்ச்சில் தானாகவே இறங்கும். நவம்பரையும் மார்ச்சையும் ஒப்பிட்டு "எங்கள் நடவடிக்கையால் குறைந்தது" என்று எழுதினால் அது வெயிலின் வேலையை நம் கணக்கில் எழுதிக்கொள்வது. நவம்பரைப் போன வருட நவம்பரோடு ஒப்பிடுங்கள், அதோடு கிட்டத்தட்ட அதே அளவு மழை பெய்த பக்கத்து வட்டாரத்தையும் பாருங்கள். புயல் அடித்த வருடத்தைச் சாதாரண வருடத்தோடு சேர்க்க வேண்டாம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாமல் மக்கள் கிடைத்த பாத்திரத்தில் எல்லாம் தண்ணீர் பிடித்துவைத்தார்கள். அப்படிப்பட்ட சமயத்துக்கு அளவுகோலே வேறு. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்கள், காய்ந்து குப்பை சேரும் மாதங்கள் என்றும் பிரித்துக்கொண்டால் வடிகால் பற்றிய குறைகள் தெளிவாகத் தெரியும்.

நோய்க் கணக்கைப் பயன்படுத்தலாம், ஆனால் பதறக் கூடாது. ஒரு சின்ன ஊராட்சியில் டெங்கு 1-லிருந்து 3 ஆனால் மூன்று மடங்கு என்று எழுதுவதில் அர்த்தமில்லை. வட்டார அளவில் சேர்த்துப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடு மட்டும் போதாது, காய்ச்சல் வந்தால் நேராகக் கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் நிறைய. கிராம சுகாதாரச் செவிலியரிடமும் மருந்துக் கடைக்காரரிடமும் கேட்டால், எந்தத் தெருவில் இந்த வாரம் வயிற்றுப்போக்கு மாத்திரை அதிகம் போனது என்று சொல்லிவிடுவார்கள். இன்னொன்று, கண்காணிப்பு சரியாக நடக்க ஆரம்பித்தால் முதல் வருடம் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். அதைத் தோல்வி என்று படிக்காதீர்கள்.

முடிவை எங்கே சொல்வது

அறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். திறந்திருக்கும் குறைகள், அவற்றின் வயது, யார் செய்ய வேண்டியது, எந்தத் தேதிக்குள் என்பவை மட்டும் போதும். தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் கூடுகிறது. மழைக்கு முன் ஆகஸ்ட் 15 கூட்டத்தில் ஒருமுறை, மழை தொடங்கும் அக்டோபர் 2-ல் ஒருமுறை கண்டிப்பாக வாசியுங்கள். தலைவர் இருந்தாலும் சரி, தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் சரி, தீர்மானப் புத்தகத்தில் ஏறவேண்டும். கடைப்பெயர், வீட்டு எண் எதையும் கூட்டத்தில் வாசிக்காதீர்கள், தெரு அளவோடு நிறுத்துங்கள்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 1998 முதல் உணவகங்களின் வாசலிலேயே ஆய்வு மதிப்பெண்ணை ஏ, பி, சி என்று ஒட்டுகிறார்கள். சாப்பிட வருகிறவர் உள்ளே போகும்முன் தெரிந்துகொள்ளலாம் என்பது நல்லதுதான். ஆனால் நம் ஊரில் அதற்கு இறங்கும்முன் மேலே சொன்ன இரண்டு ஆய்வாளர் சோதனையை முடித்துவிடுங்கள். ஆளுக்கு ஆள் மாறும் மதிப்பெண்ணை வாசலில் ஒட்டினால் ஒழுங்காக நடத்தும் சின்னக் கடைக்காரர்தான் அடிபடுவார்.

பதிவேட்டைக் காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது, 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அதைக் கடைசியில் வையுங்கள். முதலில் ஆய்வாளரிடம் போய், "சார், உங்க நோட்டுல தீராம கிடக்கிற குறையை நாங்க கிராம சபையில பேசுறோம், கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பல வருடமாக மேலே எழுதிப் பதில் வராத குறைகள் அவரிடமும் ஒரு பட்டியல் இருக்கும்.

வருடக் கடைசியில் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நகல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நகல் வையுங்கள். ஆய்வாளர் மாறுதலாகிப் போனால் புதிதாக வருபவர் முதல் வாரத்திலேயே எந்தத் தெருக்குழாயில் குளோரின் வருவதில்லை, எந்த வார்டில் குறை திரும்பத் திரும்ப வருகிறது என்று அதிலிருந்து தொடங்கலாம்.